எங்கள் களரியில் ஆடிய கூத்துகள்

எங்கள் ஊர்க் கூத்து மன்றம் இதுவரை எதையெதை அரங்கேற்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். எந்த ஆண்டு என்று கேட்டால் இலக்கம் வராது. “பெருவெள்ளத்துக்குப் பிறகு”, “சூறாவளிக்கு முந்தின வருஷம்”, “பாலம் திறந்த வருஷம்” என்றுதான் சொல்வார்கள். மட்டக்களப்பில் பிறந்தவருக்கு இது போதும். பெருவெள்ளம் என்றால் 1957 டிசம்பர். சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23. பாலம் என்றால், ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரைக்காரருக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம். அதற்கு முன்பு ஆற்றைக் கடக்க மண்முனைத்துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். இந்த அடையாளங்களுக்கு நடுவில் ஒவ்வொரு கூத்தையும் பொருத்தி எழுதும் வேலையை மன்றம் என்னிடம் தந்திருக்கிறது. தெரிந்தவரை எழுதுகிறேன். விடுபட்டதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மன்றம் என்றதும் கட்டடம், மண்டபம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு இருப்பது ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் சதங்கைகள், சல்லரி என்னும் கைத்தாளம், மார்புப் பதக்கங்கள், நிறம் போன முடிகள். மத்தளங்கள் கோயில் களஞ்சிய அறையில் தொங்கும். இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் கரப்புடுப்புக்கான பிரம்பு வளையங்கள் ஒரு வீட்டு முகட்டில் இருக்கின்றன. ஆடுகிறவர்கள் வெள்ளாண்மை செய்கிறவர்கள், ஆற்றில் வலை வீசுகிறவர்கள், மேசன்மார், மாடு வளர்ப்பவர்கள், என்னைப் போல ஒன்றிரண்டு ஆசிரியர்கள். மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. எங்களுடையது வடமோடி. பாரதமும் இராமாயணமும்தான் பெரும்பாலும் கதை.

வெளிநாட்டில் வளரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு கூத்து எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்போகம் வெட்டிச் சூடடித்து ஊர் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் நாட்களில் பெரியவர்கள் கோயிலடியில் கூடி, இந்த வருஷம் இன்ன கூத்து என்று முடிவெடுப்பார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைப்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் ஆட வைத்து, பாட வைத்து, உடல்வாகையும் குரலையும் பார்த்து வேஷம் தீர்ப்பார். அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். இதுதான் சட்டம் கொடுத்தல். பிறகு தாளக்கட்டுக்கு மிதித்துப் பழக வேண்டும். ஓரளவு ஆட்டம் பிடிபட்டதும் சதங்கை அணிவிப்பார்கள். அதன்பின் வாரத்துக்கு ஒரு இரவு கிழமைக்கூத்து. கடைசியில் அடுக்குப் பார்த்தல், அதாவது முழு ஒத்திகை. அப்புறம்தான் அரங்கேற்றம். அது முடிந்தும் கூத்து முடியாது. வீட்டுக்கு வீடு போய் முற்றத்தில் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தருவதைச் சேர்த்து அண்ணாவியாருக்குக் கொடுப்பார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடையேற்றங்களின் பட்டியல் என்று எழுதத் தொடங்கினால் அரங்கேற்ற இரவு மட்டும்தான் அதில் ஏறும். ஊருக்கு அந்தக் கூத்து அந்த ஒரு இரவில் நடந்ததில்லை. மாதக்கணக்கான பழக்கத்தில் நடந்தது. கிழமைக்கூத்து இரவுகளில் ஊரே வந்து குந்தியிருக்கும். யாருடைய கால் பிழைக்கிறது, யாருக்குக் குரல் கட்டுகிறது என்று பார்க்கும். அரங்கேற்றத்துக்கு முன்பே பாட்டுகள் பாதி ஊருக்குப் பாடம். வயலில் நாற்றுப் பிடுங்கும்போது தருமரின் தருவை, அதாவது பாட்டை, பாடிக்கொண்டிருப்பவருக்கும் தருமர் வேஷத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

ஆடியவர்களுக்கு அந்த வேஷமே பெயராகிவிடும். என் சிறு வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீமன் மாமா இருந்தார், ஒரு சகுனியர் இருந்தார். சகுனியருடைய உண்மைப் பெயர் அவருடைய மரண அறிவித்தலைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். சாந்தமான மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். சகுனியாக ஆடியது குருக்கேத்திரன் போரில். அந்தக் கூத்து பெருவெள்ளத்துக்குப் பிறகு, சூறாவளிக்கு நெடுநாள் முன்பு. அதற்கு முன்னும் பின்னும் இராம நாடகம் ஒன்று, வாளவீமன் ஒன்று ஆடியிருக்கிறார்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். வரிசையில்தான் பிணக்கு. வாளவீமன் முதலா, இராம நாடகம் முதலா என்று இரண்டு மூத்தவர்கள் என் முன்னாலேயே வாக்குவாதப்பட்டார்கள். கடைசியில் ஒரு பெரியம்மா தீர்த்து வைத்தார். இராம நாடகத்தில் சீதைக்கு ஆடியவர் அவருடைய அண்ணன். அண்ணனுக்குக் கலியாணம் முடிந்த பிறகு மாமியார் வீட்டார் பெண் வேஷம் கட்ட விடவில்லையாம். அண்ணனின் மூத்த மகள் பிறந்த ஆண்டு அவருக்குத் தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இராம நாடகம் முதல் என்று முடிவானது. நான் எழுதும் வரலாற்றுக்கு இப்படியான சான்றுகள்தான் கிடைக்கின்றன. இவை போதாது என்று நான் நினைக்கவில்லை.

சூறாவளிக்கு முந்திய கூத்துகளைப் பற்றி இவ்வளவு தடுமாறுவதற்குக் காரணம் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பிகள் போனதுதான். பழைய அண்ணாவியார்மார் ஏட்டில் இருந்ததைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பிகளைத் துணியில் சுற்றி முகட்டு வளையில் செருகி வைப்பார்கள். கிடுகு வேய்ந்த வீட்டில் அதுதான் காய்ந்த இடம். 1978இல் காற்று முதலில் கொண்டுபோனது கூரைகளை. தென்னைகள் விழுந்து கிடந்த வளவுகளில் மறுநாள் சனம் தேடியது பிள்ளைகளையும் மாடுகளையும். கொப்பியைத் தேட யாருக்கு நேரம்? இராம நாடகத்தின் முழுக் கொப்பி அப்படித்தான் இல்லாமல் போனது. இப்போது எங்களிடம் இருப்பது ஆடியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய துண்டுகள். இராவணனுடைய பாட்டு முழுதாக இருக்கிறது, ஏனென்றால் இராவணன் நீண்ட காலம் உயிரோடிருந்தார். சீதையின் பாட்டில் பாதிதான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு வெளியே பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிங்கள மரபு நாடகத்தை எடுத்து ‘மனமே’யைத் தயாரித்தார். அதைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்துக்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டக்களப்புப் பக்கம் திரும்பினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றவர்களின் ஆட்டமும் மத்தளமும் பல்கலைக்கழகம் வரை போயின. 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்து ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு மாணவராக இருந்து இராவணனாக ஆடினார். பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி ஆய்வு செய்து பெரிய நூலும் எழுதினார். விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து, படித்தவர்கள் மண்டபத்தில் இருந்து பார்க்கும் கலையாக ஆக்கியது அந்த முயற்சி. கூத்தாடிகள் என்று இளக்காரமாகச் சொன்னவர்களின் வாயை அது அடைத்தது. எங்கள் ஊர் மூத்தவர்கள் பேராதனை என்ற பெயரை மரியாதையோடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

சூறாவளிக்குப் பிறகு ஊர் எழும்பி நிற்கவே காலம் எடுத்தது. அப்புறம் எண்பதுகளும் தொண்ணூறுகளும். இரவில் விளக்கேற்றி மத்தளம் அடித்துக் கூட்டம் கூடுவது என்பதே நினைக்க முடியாத ஒன்றாகிவிட்டது. 1987இல் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடந்த படுகொலையும், 1991 ஜூனில் மகிழடித்தீவு, முதலைக்குடாவில் நடந்த படுகொலையும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் கொண்டுவரக் கட்டுப்பாடு, பேட்டரி கொண்டுவரத் தடை. பெற்றோல்மாக்ஸுக்கு எண்ணெய் எங்கே? மத்தளத்துக்குத் தோல் போட ஆள் எங்கே? இருந்தும் பழக்கம் முற்றாக விடுபடவில்லை. பகலில், கோயில் மண்டபத்துக்குள், சின்னப் பிள்ளைகளுக்கு வசந்தன் ஆட்டம் பழக்கினார்கள். கோலாட்டக் கம்போடு வட்டமாகச் சுற்றும் அந்த ஆட்டத்தில் கால் பழகிய பொடியன்கள்தான் பின்பு களரிக்கு, அதாவது கூத்தாடும் வட்ட அரங்குக்கு, வந்தார்கள். எந்தப் பட்டியலிலும் ஏறாத அந்த வசந்தன்களை நான் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

இனி நான் ஆறுதலாகச் சொல்ல விரும்பும் கூத்துக்கு வருகிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அந்தப் போகம் வெட்டி முடிந்ததும் கோயிலடியில் கூட்டம் கூடியது. நெடுங்காலத்துக்குப் பிறகு பெரிய கூத்துப் போடுவது என்று முடிவு. எந்தக் கூத்து என்பதில்தான் வழக்கு வந்தது. அண்ணாவியார் பதின்மூன்றாம் போர் என்றார். முழுக் கொப்பி கையில் இருந்தது அதற்குத்தான். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள், சக்கரவியூகத்தை உடைத்து உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்னன் தனித்து நின்று சாகும் கதை. பின்னால் உதவிக்கு வந்த வீமனையும் மற்றவர்களையும் சயத்திரதன் வாசலில் மறித்துவிடுகிறான். உள்ளே ஒரு பொடியனைச் சுற்றிப் பெரிய பெரிய வீரர்கள்.

வேண்டாம் என்று எழுந்தவர்கள் பலர். பிள்ளை சாகும் கதையை இந்த ஊரில் எப்படி ஆடுவது? எத்தனை வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது? சூரசங்காரம் போடுவோம், முருகன் வெல்லட்டும் என்றார்கள். கூட்டம் அன்றைக்கு முடிவில்லாமல் கலைந்தது. அடுத்த நாள் ஒரு தாய் அண்ணாவியார் வீட்டுக்குப் போனார். அவருடைய மகன் போனவன் திரும்பி வரவில்லை. “போடுங்க அண்ண. நான் வந்து பார்ப்பன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன்பின் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பழக்கம் தொடங்கியபோது ஆட்கள் போதவில்லை. முன்பு ஆடியவர்களில் பலர் இல்லை. சிலர் கனடாவில், சிலர் சுவிஸில். அபிமன்னனுக்குப் பொருத்தமான வயதில் ஊரில் பொடியன்கள் குறைவு. கடைசியில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த ஒருவனை எடுத்தார்கள். மெல்லிய உடம்பு, ஆனால் குரல் நல்ல குரல். கரப்புடுப்பைக் கட்டி ஆடினால் இடுப்பு புண்ணாகிவிடும். அவனுடைய தாய் ஒவ்வொரு கிழமைக்கூத்து முடிந்த பிறகும் எண்ணெய் காய்ச்சிப் பூசிவிடுவார். சுபத்திரைக்கு ஆடியவர் என் பெரிய மாமா. மீன்பிடிகாரர். கை முழுக்க வலைக் கயிறு அறுத்த தழும்பு. அந்தக் கையை நீட்டி அவர் சுபத்திரை களரிக்குள் வரும் வரவு ஆடும்போது அது பெண்ணின் கைதான்.

அரங்கேற்ற இரவு. வயலோரத்து வெளியில் மண் போட்டு உயர்த்திய வட்டக்களரி. நடுவில் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் சல்லரிக்காரரும், அவர்களைச் சுற்றி ஆட்டம், அதைச் சுற்றி நாலு பக்கமும் சனம். பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் உழவு மெஷினிலும் வந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையிலிருந்து, முன்னிரவிலேயே பாதையில் கடந்து வந்தவர்கள் விடியும் வரை திரும்பிப் போக வழியில்லை. எப்படியும் விடிந்துதான் போகப்போகிறார்கள். பாயில் படுத்துத் தூங்கும் பிள்ளைகளை “எழும்பு, வீமன் வரப்போறான்” என்று தட்டி எழுப்பும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அபிமன்னன் விழுந்தது விடியச்சாமத்தில். அதன்பின் சுபத்திரை வந்தாள். மாமா பாட்டை எடுத்தார். பழக்கத்தில் பாடிய வேகத்தில் இல்லை, நன்றாகத் தாழ்த்தி, இழுத்து. பிற்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். முதல் இரண்டு அடி பாடினார்கள். பிறகு அவர்களால் முடியவில்லை. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மத்தளம் மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் சனத்துக்குள் இருந்த பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து எடுக்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் பெயர் சொல்லி அழுதார்கள். அவ்வளவு காலமும் உரக்க அழ முடியாத பெயர்கள் அவை. அண்ணாவியார் நிறுத்தச் சொல்லவில்லை. மாமா களரியில் நின்ற இடத்திலேயே நின்றார். நெடுநேரம் சென்று அழுகை ஓய்ந்ததும், விட்ட அடியிலிருந்து பிடித்துப் பாடி முடித்தார். கூத்து மங்களம் பாடி நிறைவேறியபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது.

கூத்தைப் பார்த்து அழுவது எங்கள் ஊரில் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது வேறு. அந்தச் சனம் பார்வையாளராக இருக்கவில்லை. சுபத்திரையின் பாட்டில் பாதியை அவர்கள்தான் பாடினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கட்டாயம் எழுதி வைக்க நினைத்தேன். அதே பதின்மூன்றாம் நாளில் துரியோதனன் மகன் இலக்கண குமாரனும் சாகிறான், அபிமன்னன் கையால். எங்கள் கொப்பியில் அவன் வருவான், பொருதுவான், விழுவான், அவ்வளவுதான். எதிரியின் மகன், அழ ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு ஆடத் தொடங்கியபோது ஒரு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் அண்ணாவியாரைப் பிடித்துக் கேட்டார்: “அவனையும் ஒருத்தி பெத்திருப்பாள்தானே தம்பி? அவள் எங்க?” அண்ணாவியாருக்குப் பதில் இல்லை. அன்றிரவே இருந்து துரியோதனன் மனைவி பானுமதிக்கு எட்டு வரி கட்டினார். ஆடுவதற்கு வேஷக்காரர் இல்லை. துச்சாதனனுக்கு ஆடியவரே உடுப்பை மாற்றி, தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பாடினார். அதற்குப் பிறகு ஆடிய ஒவ்வொரு முற்றத்திலும் சுபத்திரைக்கு முன்பு பானுமதி வந்தாள்.

பிறகு எனக்குத் தெரியவந்தது, ஏறத்தாழ அதே காலத்தில் மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பெண்களை, ஒடுக்கப்பட்டவர்களைத் தாழ்த்தும் இடங்களைக் கொப்பியில் தேடிப் பிடித்து, ஊரோடு பேசி, மாற்றி எழுதி ஆடுவது. அதைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது, ஆதரவும் எதிர்ப்பும். எங்கள் ஊரில் எந்த விவாதமும் இல்லாமல் ஒரு மூதாட்டியின் கேள்விக்குப் பதிலாக அது நடந்தது. மரபைத் தொடக்கூடாது என்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். மரபுக்குள் இருந்தவர்களே அதைத் தொட்டிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது படுவான்கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுவான்கரைச் சனம்தான் அழிந்தது. நாவலடி, கல்லடி, டச்பார் என்று கேட்கக் கேட்க நெஞ்சு பதறியது. மன்றத்தார் அரிசியும் சமைத்த சோறும் கொண்டுபோனார்கள். சில மாதம் கழித்து ஒரு முகாமில் பிள்ளைகளுக்கு வசந்தன் பழக்கினார்கள். அதைச் செய்த இருவர் இப்போது இல்லை. அதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

2007 தொடக்கத்தில் மறுபடியும் சண்டை எங்கள் வாசலுக்கு வந்தது. உடுத்த துணியோடு ஊர் முழுவதும் ஆற்றைக் கடந்து முகாம்களுக்குப் போனது. திரும்பி வந்தபோது இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. சதங்கைகள் பாதி இல்லை. பதின்மூன்றாம் போர்க் கொப்பி மட்டும் தப்பியது. அண்ணாவியாரின் மகள் அதைத் தன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஆனால் பானுமதியின் பாட்டு அந்தக் கொப்பியில் எழுதப்படவில்லை. தனித்தாளில் இருந்தது, அது போய்விட்டது. பாடியவரிடம் கேட்டோம், பிற்பாட்டுக்காரர்களிடம் கேட்டோம், டொரொன்டோவில் இருக்கும் சல்லரிக்காரரிடம் போனில் கேட்டோம். ஆறு வரி சேர்ந்திருக்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் இன்னும் கிடைக்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அன்றைக்கு அந்த முற்றங்களில் நின்றிருந்தால், ஒரு சொல் ஞாபகம் இருந்தாலும் போதும், எங்களுக்குச் சொல்லுங்கள்.

போர் முடிந்த பிறகு மன்றம் மேடையேற்றியவை அதிகம். எண்ணிக்கையில் பார்த்தால் அதற்கு முந்திய காலம் முழுவதையும் விட அதிகம். ஆனால் ஏறத்தாழ எல்லாம் சுருக்கிய கூத்துகள். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கியவை, பிரதேச கலாசார விழாவுக்கு ஆடியவை, பொங்கல் விழாவுக்கு ஆடியவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை. தேதிகளும் சான்றிதழ்களும் ஒழுங்காகக் கோவையில் இருக்கின்றன.

சுருக்கிய கூத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. என் மாணவர்கள் தாளக்கட்டுப் பழகியது அதில்தான். ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வரவு. விடிய விடிய ஆடும் கூத்தில் ஒரு அரசன் வந்தால், கட்டியகாரன் வந்து கட்டியம் கூறி, அரசன் ஆடி, களரியைச் சுற்றி, தான் யார் என்று பாடி, நாலு பக்கமும் இருக்கும் சனத்துக்கு முகம் காட்டி முடிய நெடுநேரம் ஆகும். அதற்குள் சனம் அவனைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டுவிடும். பிறகு அவன் சாகும்போது வலிப்பது அதனால்தான். போட்டி மேடையில் துரோணர் எப்போது வந்தார் என்றே தெரியாமல் போர்க்களத்தில் நிற்கிறார். அபிமன்னன் வந்த வேகத்தில் செத்துவிடுகிறான். கை தட்டுகிறார்கள், திரை விழுகிறது. ஒப்பாரி எடுக்க நேரமே கிடையாது.

மண்டபத்து மேடையில் இன்னும் சில மாறிவிட்டன. வட்டம் போய் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் ஆட்டமாகிவிட்டது. நடுவில் நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். மைக் வந்ததும் பிற்பாட்டுக்கு வேலை குறைந்தது. முன்பு ஒருவர் பாடியதைப் பலர் வாங்கிப் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆடியவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இப்போது ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் கால் நின்றுவிடுகிறது. இவை எல்லாவற்றையும் பழையபடி ஆக்க முடியாது, ஆக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊருக்கென்று ஒரு முழுக் கூத்து, வட்டக்களரியில், விடியும் வரை. அது இருந்தால்தான் சுருக்கிய கூத்துக்கும் எதைச் சுருக்குகிறோம் என்று தெரியும்.

அந்த நினைப்பில்தான் பாலம் திறந்ததற்கு அடுத்து வந்த வெட்டு முடிய மறுபடி பதின்மூன்றாம் போரையே முழுதாகப் பழகினோம். இந்த முறை சுபத்திரைக்கும் பானுமதிக்கும் ஆடியவர்கள் பெண் பிள்ளைகள். பெண்கள் களரியில் இறங்கலாமா, இரவில் பழக்கத்துக்கு எப்படி வருவது, சதங்கை கட்டும் நாளில் தீட்டு வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் பேச்சு எழுந்தது. சுபத்திரைக்கு ஆடிய அதே பெரிய மாமா, அப்போது நடக்கவே கஷ்டப்பட்டவர், கூட்டத்துக்கு வந்து, தானே அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். கதிரையில் இருந்தபடியே கையால் ஆடிக் காட்டுவார். கால் எப்படி வைப்பது என்பதைத் தரையில் தடியால் தட்டிக் காட்டுவார். “அழாத புள்ள. நீ அழுதா சனம் அழாது. பாட்டைப் பிழையில்லாமப் பாடு” என்று அவர் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அரங்கேற்றத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து களரிக்குப் பக்கத்தில் இருத்தினோம். அதுதான் அவர் பார்த்த கடைசிக் கூத்து.

தென்மோடியிலும் ஒன்று போட ஆசைப்பட்டு, பக்கத்து ஊர் அண்ணாவியாரை அழைத்து அலங்காரரூபன் பழகத் தொடங்கினோம். ஆட்டக்காரரை வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தி, பிறகு திரையை விலக்கிக் காட்டும் அந்த வரவும், பாட்டு முடிவில் வரும் நுணுக்கமான ஆட்டமும் எங்கள் பொடியன்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வருஷம் கொரோனா வந்தது. சதங்கை அணியும் முன்பே நின்றுபோனது. அலங்காரரூபனையும் எழுதியிருக்கிறேன், அரங்கேறவில்லை என்ற குறிப்போடு. பழகியவர்கள் பழகியவர்கள்தான்.

இப்போது கோவையில் ஒவ்வொரு கூத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். யார் எந்த வேஷம், யார் மத்தளம், யார் பிற்பாட்டு, யார் கொப்பி பார்த்தது, யார் களரிக்கு மண் போட்டது, கொப்பி இப்போது யார் வீட்டில். பெண் வேஷம் கட்டிய ஆண்களின் பெயர்களைச் சில குடும்பங்கள் சொல்லத் தயங்குகின்றன. தயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிடைத்த கொப்பிகளை எல்லாம் ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். பூச்சி அரித்த தாள்களை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பெயர்த்து எழுதும் வேலையை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவிகள் செய்கிறார்கள்.

வருகிற பெரும்போகம் முடிய வாளவீமன் சட்டம் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. கொப்பி முழுதாக இல்லை. முதலைக்குடாப் பக்கம் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருக்கிறோம். வீமனுக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள், இருவரும் மச்சான்மார். ஒருவன் பழைய வீமன் மாமாவின் பேரன், உடம்பும் அவரைப் போலவே. மற்றவனுக்குக் குரல் இருக்கிறது. புது அண்ணாவியார் இருவரையும் வெள்ளிக்கிழமை கோயிலடிக்கு வரச் சொல்லியிருக்கிறார், தாளக்கட்டுக்கு மிதிக்கவைத்துப் பார்க்க. நானும் போகிறேன்.